எழுதியாச்சு, யார் விக்கிறது?

உங்க லேப்டாப்ல ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுக்குள்ள பாதியில நிக்கிற ஒரு நாவலோ, செமஸ்டர் லீவுல எழுதின சிறுகதைகளோ, யார்கிட்டயும் காட்டாத கவிதைகளோ இருக்கும். அதைப் புத்தகமா போடணும்னு ஆசை. பணம் கட்டினா நாங்க போட்டுத் தர்றோம்னு இன்ஸ்டாகிராம்ல தினம் ஒரு விளம்பரம் வருது. கட்டினா ஐம்பது பிரதி பார்சல்ல வந்து இறங்கும். நண்பர்களுக்குப் பத்து, சொந்தக்காரங்களுக்குப் பத்து, எச்.ஓ.டி.க்கு ஒண்ணு. மீதி ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில.

எழுதுறது நம்ம வேலை, விக்கிறது வேற யாரோட வேலையோன்னு நினைக்கிறவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. இதில் வரப்போகிறவர் எழுதினார், தானே விற்றார், பதிப்பகம் தொடங்கினார், கோடீஸ்வரராகும் தூரத்தில் நின்றார், கடைசியில் ஓர் இயந்திரத்தில் காசையெல்லாம் விட்டுத் திவாலானார். அந்த இயந்திரத்தின் கதை மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு ஸ்பெஷல். பெயர் உங்களுக்குத் தெரியும்: மார்க் ட்வைன். டாம் சாயரையும் ஹக்கிள்பெரி ஃபின்னையும் உருவாக்கியவர். ஹாலி வால்நட்சத்திரம் வந்த 1835-ல் பிறந்து, அது திரும்பி வந்த 1910-ல் இறந்தவர்.

இயற்பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் ஹானிபல் என்ற சின்ன ஊரில் வளர்ந்தார். அப்பா இறந்தபோது பையனுக்கு வயது 11. கொஞ்ச காலத்திலேயே படிப்பு நின்றது. அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக அடுக்குவதுதான் வேலை. இதை அச்சுக்கோர்ப்பு என்பார்கள். ஒரு பக்கம் அடுக்கி, அச்சடித்து முடித்ததும் அதே எழுத்துகளைக் கலைத்து, மறுபடி அதனதன் குழியில் போட வேண்டும். இந்த வேலையை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி பெரிய விலை கேட்கப்போகுது.

அச்சுக்கோர்ப்பவராக நியூயார்க், பிலடெல்பியா என்று சுற்றினார். பிறகு ஆற்றுக்குத் திரும்பி 1859-ல் நீராவிப் படகோட்டும் உரிமம் வாங்கினார். 1861-ல் உள்நாட்டுப் போர் வந்து ஆற்றுப் போக்குவரத்து நின்றது. மேற்கே நெவாடாவுக்குப் போய் வெள்ளி தேடினார், கிடைக்கவில்லை. பத்திரிகை நிருபரானார். 1863-ல் ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். மார்க் ட்வைன் என்றால் படகோட்டிகள் மொழியில் தண்ணீரின் ஆழம் இரண்டு பாகம், அதாவது 12 அடி. படகு தரைதட்டாமல் போகலாம் என்று அர்த்தம். பெயர் வைக்கும்போதே பாதி மார்க்கெட்டிங் முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்: ரெண்டே அசை, ஒரு தரம் கேட்டா மறக்காது.

முதல் புத்தகம் 1867-ல் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஒரு தவளைப் பந்தயத்தைப் பற்றி அவர் எழுதிய கதை நாடு முழுக்கப் பத்திரிகைகளில் மறுபடி மறுபடி வெளியாகி, சிரிப்பு மூட்டியிருந்தது. அந்தப் புகழை நம்பி, அதையும் வேறு சில கதைகளையும் சேர்த்து நண்பர் ஒருவர் புத்தகமாகப் போட்டார். உள்ளே அச்சுப்பிழைகள். அச்சுக்கோர்த்துப் பிழைத்த மனிதருக்குத் தன் முதல் புத்தகமே பிழையோடு வந்தால் எப்படி இருக்கும்! விற்பனையும் சுமார்தான். எல்லோரும் படித்துச் சிரித்த கதைதான். ஆனால் பத்திரிகையில் சும்மா கிடைத்ததைக் காசு கொடுத்து வாங்க யாருக்கும் அவசரம் இல்லை. உங்க ரீல்ஸுக்குப் பத்தாயிரம் லைக் வந்தா பத்தாயிரம் பிரதி போகும்னு கணக்குப் போட்டு வச்சிருந்தா, இந்த இடத்துல கொஞ்சம் நின்னு போங்க.

ஆனால் அதற்குள் அவர் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தார்: மேடை. 1866 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஹவாய்த் தீவுகளைப் பற்றிப் பேச ஓர் அரங்கை வாடகைக்கு எடுத்தார். கூட்டம் வருமா என்று பயம். விளம்பரத்தைத் தானே எழுதினார். பெரிய எழுத்தில் அருமையான இசைக்குழு என்று போட்டு, அது ஊரில்தான் இருக்கிறது, ஆனால் நாங்கள் அமர்த்தவில்லை என்று சின்ன எழுத்தில் ஒப்புக்கொள்கிற மாதிரியான விளம்பரம். கதவு திறக்கும் நேரத்தைப் போட்டு, தொல்லை ஆரம்பமாகும் நேரத்தையும் தனியாகப் போட்டார். அரங்கம் நிரம்பியது. கவனியுங்கள், அந்த விளம்பரத்தில் அவர் தன்னைப் புகழவே இல்லை. என்ன மாதிரி ஆள் பேசப்போகிறார், எப்படிச் சிரிக்க வைப்பார் என்பதற்கு விளம்பரமே ஒரு சாம்பிள். நம்ம ஊர் புத்தகப் பின்னட்டையில வழக்கமா என்ன இருக்கும்? ஆசிரியர் வாங்கின பரிசுப் பட்டியல். உள்ளே என்ன ருசின்னு கடைசிவரை சொல்ல மாட்டாங்க.

1867-ல் குவேக்கர் சிட்டி என்ற கப்பலில் ஐரோப்பாவுக்கும் புனித பூமிக்கும் ஒரு சுற்றுலாக் கூட்டம் கிளம்பியது. ஒரு பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதித் தருவதாகச் சொல்லி ட்வைனும் போனார். திரும்பி வந்ததும் ஹார்ட்ஃபோர்டு நகரிலிருந்து எலிஷா பிளிஸ் என்ற பதிப்பாளர் அந்தக் கடிதங்களைப் புத்தகமாக்கக் கேட்டார். இரண்டு வழி சொன்னார்: மொத்தமாக 10,000 டாலர், அல்லது பிரதிக்கு 5 சதவீத ராயல்டி. கையில் காசில்லாத ஆளுக்கு 10,000 டாலர் எவ்வளவு பெரிய தொகை! ஆனாலும் ட்வைன் ராயல்டியைத் தேர்ந்தெடுத்தார். புத்தகம் 1869-ல் வந்தது. அறுநூறு பக்கத்துக்கு மேல், உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள். முதல் ஆண்டிலேயே 60,000 பிரதிகளுக்கு மேல் போனது. அந்த ஒரு முடிவுதான் அவரை முழுநேர எழுத்தாளராக்கியது.

எப்படி அவ்வளவு விற்றது? பிளிஸின் நிறுவனம் கடைகளை நம்பவில்லை. அந்தக் காலத்து அமெரிக்காவில் பெரும்பாலான மக்கள் பண்ணைகளிலும் சின்ன ஊர்களிலும் இருந்தார்கள். பக்கத்தில் புத்தகக் கடையே கிடையாது. அதனால் ஏஜென்ட்கள் வீடு வீடாகப் போனார்கள். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், கணவனை இழந்த பெண்கள், பள்ளி ஆசிரியர்கள் எனப் பலர் அந்த வேலையைச் செய்தார்கள். கையில் முழுப் புத்தகம் இருக்காது. ஒரு மாதிரிப் பிரதி இருக்கும். அதில் நல்ல பக்கங்களாகப் பொறுக்கிய சில பக்கங்கள், கவர்ச்சியான படங்கள், துணி பைண்டிங், தோல் பைண்டிங் எப்படி இருக்கும் என்று காட்டும் துண்டுகள். கடைசியில் கோடு போட்ட வெற்றுத் தாள்கள். வாங்க நினைப்பவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே போட்ட கையெழுத்து கண்ணில் படும் இல்லையா? அதுவே பாதி விளம்பரம். இன்றைய முன்பதிவு லிங்க்கின் தாத்தா இது.

இலக்கியவாதிகள் இந்த முறையை மட்டமாகப் பார்த்தார்கள். மதிப்பான பத்திரிகைகளில் இப்படிப்பட்ட புத்தகங்களுக்கு விமர்சனம் வருவதே அபூர்வம். ட்வைனுக்கு அந்த மரியாதை மேல் ஆசை இல்லாமல் இல்லை. அட்லாண்டிக் மந்த்லி இதழின் ஹோவெல்ஸ் தன் புத்தகத்தைப் பாராட்டி எழுதியபோது தேடிப் போய்ப் பார்த்தார். இருவரும் வாழ்நாள் நண்பர்களானார்கள். ஆனாலும் புத்தகத்தைப் பண்ணை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோவதை அவர் விடவில்லை. புத்தகமே வாங்கிப் பழகாதவர்களை வாங்க வைத்தவர் அவர். இதை நான் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன்.

விற்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், எழுதியதையும் சொல்ல வேண்டும். 1870-ல் ஒலிவியா லாங்டனை மணந்தார். லிவி என்று கூப்பிடுவார். கோடைதோறும் குடும்பத்தோடு எல்மைராவில் லிவியின் அக்கா குடும்பத்தின் பண்ணைக்குப் போவார்கள். அங்கே மேட்டின் மேல் எட்டுப் பக்கமும் ஜன்னல் வைத்து அவருக்கென்றே தனியறை ஒன்று கட்டிக் கொடுத்திருந்தார்கள். பகலெல்லாம் அதில் எழுதுவார். பொழுது சாய்ந்ததும் இறங்கி வந்து, அன்று எழுதியதை மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவார். லிவி பென்சிலால் குறிப்பார். ரொம்ப முரட்டுத்தனமான வரிகளை லிவி அடிக்கும்போது குழந்தைகள் கூச்சல் போட்டு அந்த வரிக்காக வாதாடுவார்களாம். வாட்ஸ்அப் குரூப்ல பி.டி.எஃப். அனுப்பிட்டுப் படிச்சியா படிச்சியான்னு கேக்குறதுக்குப் பதிலா, ரெண்டு பேரை உட்கார வச்சு வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. அவங்க எங்க கொட்டாவி விடுறாங்கன்னு கண்ணாலயே தெரியும்.

டாம் சாயரைப் பாதி எழுதியபோது கதை நின்றுவிட்டது. ஒரு வரி நகரவில்லை. கையெழுத்துப் பிரதியை ஒரு மாடத்தில் போட்டுவிட்டார். ரொம்ப நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் கதை தானாக ஓடியது. தொட்டி வற்றிவிட்டால் அது நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும், நாம் தூங்கும்போதும் வேறு வேலை செய்யும்போதும் அது நிரம்பிக்கொண்டுதான் இருக்கும் என்று பிற்காலத்தில் தன் பழக்கத்தை அவரே விளக்கினார். ஹக்கிள்பெரி ஃபின்னுக்கு இன்னும் பொறுமை வேண்டியிருந்தது. 1876-ல் தொடங்கினார், நடுவில் பலமுறை நிறுத்தினார். 1882-ல் தான் படகோட்டிய மிசிசிப்பிக்கு மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்து, 1883-ல் முடித்தார். ஏழு வருஷம். நடுவே சும்மா இருக்கவில்லை, வேறு புத்தகங்கள் எழுதினார். ஒன்று நின்றால் இன்னொன்று.

திருடர்கள் அப்போதும் இருந்தார்கள். டாம் சாயர் 1876 ஜூனில் இங்கிலாந்தில் வெளியானது; அமெரிக்கப் பதிப்பு தாமதமாகி டிசம்பரில்தான் வந்தது. அந்த இடைவெளி போதுமே! கனடாவில் ஒரு நிறுவனம் இங்கிலாந்துப் பதிப்பைப் பார்த்து மலிவுப் பதிப்பு போட்டு, அமெரிக்காவுக்குள்ளேயே விற்றது. அப்போது நாடுகளுக்கிடையே காப்புரிமைச் சட்டம் சரியாக இல்லை. இன்றைக்குப் புத்தகம் வந்த மறுநாளே டெலிகிராமில் பி.டி.எஃப். வருகிறதே, அதே கதைதான். ட்வைன் பாடம் படித்துக்கொண்டார். அடுத்த புத்தகங்களுக்கு எந்த நாட்டில் எந்தத் தேதியில் வெளியிட்டால் உரிமை கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். கனடா உரிமைக்காக அந்நாட்டுக்கே போய்த் தங்கினார்.

பிளிஸ் மேலும் அவருக்குச் சந்தேகம் வந்தது. இரண்டாவது பெரிய புத்தகத்துக்கு ஏழரை சதவீத ராயல்டி பேசியபோது, அது லாபத்தில் சரிபாதிக்குச் சமம் என்று சொல்லப்பட்டதை நம்பியிருந்தார். பிளிஸ் இறந்த பிறகு கணக்கைப் பார்த்தபோது அப்படி இல்லை என்று முடிவுக்கு வந்தார். கடைசிவரை அந்தக் கோபம் ஆறவில்லை. கோபத்தில் எடுத்த முடிவு: நானே பதிப்பாளர். 1884-ல் அக்கா மகளின் கணவர் சார்லஸ் வெப்ஸ்டரின் பெயரில் பதிப்பகம் தொடங்கினார். முதல் புத்தகம் ஹக்கிள்பெரி ஃபின்.

இந்த வெளியீட்டைத்தான் நான் உங்களுக்குப் பாடமாக வைப்பேன். நாற்பதாயிரம் ஆர்டர் கையில் வரும்வரை புத்தகத்தை வெளியிடாதே என்று வெப்ஸ்டருக்கு உத்தரவு. புத்தகத்தின் சில பகுதிகள் முன்கூட்டியே செஞ்சுரி இதழில் வந்தன. அதே குளிர்காலத்தில் கேபிள் என்ற எழுத்தாளரோடு ஊர் ஊராக மேடையேறி, இன்னும் வெளிவராத புத்தகத்திலிருந்து பகுதிகளைச் சொல்லிக் காட்டினார். ஆரம்பத்தில் புத்தகத்தைக் கையில் வைத்துப் படித்தார்; எடுபடவில்லை. எழுத்து நடை வேறு, பேச்சு நடை வேறு என்று புரிந்ததும் மனப்பாடம் செய்து, பேச்சுக்கு ஏற்ப மாற்றி, புத்தகமே இல்லாமல் சொன்னார். அப்புறம் அரங்கம் அதிர்ந்தது. நம்ம புத்தக வெளியீட்டு விழாக்கள்ல ஏற்புரைன்னு தலையைக் குனிஞ்சு பேப்பரைப் படிக்கிறாங்களே, அவங்களுக்கு இதை யாராவது சொல்லுங்க.

நடுவில் ஒரு விபத்து. ஏஜென்ட்களின் மாதிரிப் பிரதியில் ஒரு படத்தை அச்சகத்தில் யாரோ விஷமி ஆபாசமாக மாற்றிச் செதுக்கியிருந்தது 1884 நவம்பரில் தெரியவந்தது. கண்டுபிடித்தால் 500 டாலர் பரிசு என்றார்கள். ஆள் அகப்படவே இல்லை. அச்சான பிரதிகளில் அந்தப் பக்கத்தை வெட்டி வேறு பக்கம் ஒட்ட வேண்டியதாயிற்று. கிறிஸ்துமஸ் விற்பனை போச்சு. 1885 பிப்ரவரியில்தான் புத்தகம் அமெரிக்காவில் வந்தது. வந்த அடுத்த மாதமே, கான்கார்டு ஊர்ப் பொதுநூலகம் இது நம் பிள்ளைகளுக்கு ஆகாது என்று விலக்கிவைத்தது. ட்வைன் வருத்தப்படவில்லை. இந்தத் தடையால் இன்னும் 25,000 பிரதி கூடுதலாகப் போகும் என்று வெப்ஸ்டருக்குக் குஷியாகக் கடிதம் எழுதினார்.

அதே வருஷம் இன்னொரு புத்தகம். முன்னாள் ஜனாதிபதி கிராண்ட், உள்நாட்டுப் போரில் வென்ற தளபதி, ஒரு மோசடிக்காரரோடு கூட்டுச் சேர்ந்து எல்லாப் பணத்தையும் இழந்திருந்தார். தொண்டையில் புற்றுநோய். இறப்பதற்குள் நினைவுகளை எழுதி, அந்தப் பணத்தில் மனைவி பிழைக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே எண்ணம். ஒரு பத்திரிகை நிறுவனம் வழக்கமான 10 சதவீத ராயல்டி பேசிக்கொண்டிருந்தது. ட்வைன் போய், நிகர லாபத்தில் 70 சதவீதம் தருகிறேன் என்றார். கிராண்ட் வலியோடு எழுதினார். பேச முடியாமல் போனபோது காகிதத்தில் எழுதிக் காட்டிப் பேசினார். 1885 ஜூலையில் முடித்தார், சில நாளில் இறந்தார். ட்வைனின் ஏஜென்ட்கள் சுமார் 10,000 பேர் கிளம்பினார்கள். அதில் பலர் கிராண்டின் கீழ் போரிட்டவர்கள். பழைய படைப் பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு கதவைத் தட்டினார்கள். என்ன பேசுவது, எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று அவர்களுக்கு ஒரு கையேடே கொடுக்கப்பட்டது. இரண்டு தொகுதிகளாக வந்த அந்தப் புத்தகம் 3 லட்சம் செட்டுக்கு மேல் விற்றது. கிராண்டின் மனைவிக்குக் கொடுத்த முதல் காசோலை மட்டும் 2 லட்சம் டாலர்.

இங்கே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெற்றி ஒரு மாதிரி போதை. அடுத்து, போப்பாண்டவரின் வாழ்க்கை வரலாற்றைப் போட்டால் கத்தோலிக்கர் ஒவ்வொருவரும் வாங்குவார் என்று கணக்குப் போட்டார். வாங்கவில்லை. கிராண்டைத் தேடி வாங்கினவங்க யாருன்னு மறந்துட்டார்: அவங்களே அந்தப் போருக்குள்ள இருந்தவங்க. ஒரு பெயரைக் கேட்டுத் தலையாட்டும் கூட்டம் எல்லாம் காசு கொடுக்கும் கூட்டமாக ஆகிவிடாது. அதற்குப் பிறகு பதினொரு தொகுதி அமெரிக்க இலக்கியத் தொகுப்பு ஒன்று. நன்றாகத்தான் விற்றது, அதுதான் ஆபத்து. வாடிக்கையாளர் மாதத் தவணையில் கொடுப்பார். ஆனால் அச்சுக்கூலி, பைண்டிங், ஏஜென்ட் கமிஷன் எல்லாம் உடனே கொடுக்க வேண்டும். ஒவ்வொரு செட் விற்கும்போதும் பதிப்பகத்துக்குக் கடன் ஏறியது. எக்கனாமிக்ஸ் பேப்பர்ல வொர்க்கிங் கேப்பிட்டல்னு ஒரு தலைப்பு வரும், தூங்காம கேளுங்க.

அந்த ஓட்டையை அடைக்க வேண்டிய பணம் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. இப்போ அந்த இயந்திரத்துக்கு வருவோம். ஜேம்ஸ் பெய்ஜ் என்ற கண்டுபிடிப்பாளர் தானாக அச்சுக்கோர்க்கும் இயந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். சின்ன வயதில் ஈய எழுத்தைப் பொறுக்கிக் கை நொந்தவருக்கு அதைப் பார்த்ததும் என்ன தோன்றியிருக்கும்! எழுத்தை எடுக்கிறது, அடுக்குகிறது, வரியைச் சமப்படுத்துகிறது, அச்சானதும் கலைத்துக் குழியில் போடுகிறது. மனிதக் கை செய்வதையெல்லாம் அப்படியே செய்தது. அதற்கு 18,000 உதிரி பாகங்கள். ஓடும்போது அற்புதம். ஆனால் ஏதாவது ஒன்று உடைந்துகொண்டே இருக்கும். ஓடினாலோ, பெய்ஜ் அதைப் பிரித்துப் போட்டு இன்னும் மேம்படுத்துவார். மாதம் சுமார் 3,000 டாலர் ட்வைனின் பையிலிருந்து போனது, வருஷக்கணக்கில்.

அதே நேரம் மெர்கந்தாலர் என்பவர் பிரச்சினையை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். எழுத்தை ஏன் கலைத்து அடுக்க வேண்டும்? அச்சு வார்ப்புகளை வரிசையாக நிறுத்தி, உருகிய ஈயத்தை ஊற்றி, வரி முழுவதையும் ஒரே கட்டியாக வார்த்துவிடலாமே. வேலை முடிந்ததும் உருக்கிவிட்டால் போச்சு. கலைக்கிற வேலையே ஒழிந்தது. அதுதான் லைனோடைப், 1886-லேயே நியூயார்க் டிரிபியூன் நாளிதழில் ஓட ஆரம்பித்தது. பெய்ஜின் இயந்திரம் 1894-ல் சிகாகோவில் நடந்த சோதனையில் தாக்குப்பிடிக்கவில்லை. இரண்டே இரண்டு இயந்திரங்கள் முழுமையாயின. ஒன்று ஹார்ட்ஃபோர்டில் ட்வைனின் வீட்டில் இன்றும் இருக்கிறது, காட்சிப் பொருளாக.

1894 ஏப்ரலில் பதிப்பகம் மூடப்பட்டது. அதற்கு முன்பே செலவைக் குறைக்க ஹார்ட்ஃபோர்டு வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பம் ஐரோப்பாவில் இருந்தது. ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் ஹென்றி ரோஜர்ஸ் உதவிக்கு வந்து கணக்குகளைக் கையிலெடுத்தார். அவர் செய்த முதல் புத்திசாலித்தனம், புத்தகங்களின் காப்புரிமையை லிவியின் பெயருக்கு மாற்றியது. பதிப்பகத்துக்குத் தன் சொந்தப் பணத்தையும் கொடுத்திருந்த லிவியும் ஒரு கடன்காரர்தானே! எதை விற்றாலும் அந்த உரிமையை மட்டும் விடவில்லை. நீங்க கையெழுத்துப் போடப்போற ஒப்பந்தத்துலயும் முதல்ல தேட வேண்டியது அந்த வரியைத்தான்: உரிமை யார்கிட்ட, எத்தனை வருஷத்துக்கு, எந்தெந்த வடிவத்துக்கு. அட்டைப்படம் எப்படி இருக்கும்னு அப்புறம் கேட்டுக்கலாம்.

சட்டப்படி, கடனில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம். லிவி ஒத்துக்கொள்ளவில்லை. ட்வைனும் முழுதாக அடைப்பதாக அறிவித்தார். எப்படி? தெரிந்த வழி ஒன்றுதான்: மேடை. 1895 ஜூலையில், 59 வயதில், காலில் ராஜகட்டி வந்து படுத்து எழுந்த கையோடு உலகப் பயணம் கிளம்பினார். லிவியும் நடு மகள் கிளாராவும் கூட வந்தார்கள். மூத்தவள் சூசியும் கடைக்குட்டி ஜீனும் எல்மைராவில் தங்கினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, 1896 ஜனவரியில் கொழும்பு, பம்பாய், அங்கிருந்து ரயிலேறி இந்தியாவின் வடபாதி முழுக்க. கல்கத்தாவிலிருந்து திரும்பும் வழியில் கப்பல் ஒரு நாள் மெட்ராஸில் நின்றது. மறுபடி இலங்கை, பிறகு மொரிஷியஸ், தென்னாப்பிரிக்கா. நூற்றுக்கும் மேற்பட்ட மேடைகள். எங்கே போனாலும் குறிப்பெடுத்தார். பயணம் முடிந்ததும் அதையே புத்தகமாக்குவது திட்டம். பழைய புத்தகங்களைச் சொல்லிக் காட்டிச் சம்பாதித்துக்கொண்டே, புதிய புத்தகத்துக்குச் சரக்குச் சேர்த்தார்.

1896 ஜூலைக் கடைசியில் இங்கிலாந்து வந்து இறங்கி, மகள்கள் இருவரையும் வரச் சொல்லிக் காத்திருந்தார்கள். சூசிக்கு உடம்பு சரியில்லை என்று கடிதம் வந்தது. லிவியும் கிளாராவும் அவசரமாகக் கப்பலேறினார்கள். அவர்கள் நடுக்கடலில் இருந்தபோது, ஆகஸ்ட் 18 அன்று, பூட்டிக் கிடந்த அதே ஹார்ட்ஃபோர்டு வீட்டில் மூளைக்காய்ச்சலால் சூசி இறந்துபோனாள். வயது 24. இங்கிலாந்தில் தனியாக இருந்த அப்பாவுக்குத் தந்தி வந்தது. அந்தத் துக்கத்துக்குள் உட்கார்ந்துதான் பயணப் புத்தகத்தை எழுதினார். சிரிப்பு எழுத்தாளர் என்று பெயர், வாசகர் சிரிப்பைத்தான் எதிர்பார்ப்பார், கடன் காத்திருக்கிறது. 1897-ல் புத்தகம் வெளியானது. 1898-ல் கடைசிக் கடனும் அடைந்தது. அவர் அமெரிக்கா திரும்பியபோது ஊரே கொண்டாடியது.

பிறகு அவர் சண்டை போட்டதெல்லாம் காப்புரிமைக்காக. 1906 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன், எழுத்தாளன் இறந்த பிறகும் அவன் குடும்பத்துக்கு நீண்ட காலம் உரிமை வேண்டும் என்று வாதாடப் போனார். குளிர்காலம், எல்லோரும் கறுப்பு உடையில். இவர் மேல்கோட்டைக் கழற்றினால், உள்ளே தலை முதல் கால் வரை வெள்ளை. மறுநாள் பத்திரிகைகளில் சட்டத்தோடு அந்த உடையும் செய்தி. இன்று நாம் மார்க் ட்வைன் என்றதும் நினைக்கிற அந்த வெள்ளைக் கோட்டு உருவம் பரவியது அப்போதுதான். 71 வயதிலும் மனிதர் விளம்பரத்தை மறக்கவில்லை பாருங்கள்.

அந்த மாதங்களில்தான் நார்த் அமெரிக்கன் ரெவ்யூ இதழில் அவருடைய சுயசரிதைப் பகுதிகள் வந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே இன்னொருவருடைய எழுத்தும் இருந்தது. சூசி தன் 13-வது வயதில், யாரிடமும் சொல்லாமல் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருந்தாள். ஹக்கிள்பெரி ஃபின் வெளியான அதே வருஷம். அப்பாவின் நல்லது கெட்டது, கோபம், நடை, வீட்டுப் பூனைகள் எல்லாம் அதில் உண்டு. பாதியில் நின்றுபோன நோட்டு. ட்வைன் அதைப் பத்திரமாக வைத்திருந்து, பகுதி பகுதியாகத் தன் எழுத்தோடு சேர்த்து அச்சுக்குக் கொடுத்தார். தன் முதல் புத்தகத்தின் அச்சுப்பிழைகளுக்காக அவ்வளவு கோபப்பட்ட மனிதர், மகள் செய்திருந்த எழுத்துப் பிழைகளில் ஒன்றைக்கூடத் திருத்த விடவில்லை.